நித்திரையில் தாண்டிய எல்லை

“நித்திரை கொண்டவனுக்கு நாலு நாடு, முழிச்சுக்கொண்டு நிக்கிற எனக்கு வவுனியாவும் இல்லை!”

புதுக்குடியிருப்பில், புலிகளின் பகுதியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா இப்படிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போக வந்திருந்தார். அவர் திரும்பி வருவார் என்று பிணைக்குக் கையெழுத்து வைக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூட நின்றார்.

“ஆரையக்கா சொல்லுறியள்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“என்ரை மகனைத்தான். பாரிசிலை ஒரு சாப்பாட்டுக் கடையை விட்டு மற்றக் கடைக்குப் போக நடுவிலை மூண்டு கிழமை கிடைச்சதாம். மலிவு ரயில் ரிக்கற் ஒண்டை எடுத்து, வெறும் பாணைக் கடிச்சுக்கொண்டு, கோச்சியிலையே படுத்தெழும்பி நாடு நாடாச் சுத்தியிருக்கிறான்.”

“இளம் பெடியன், சுத்தட்டுமன்.”

“சுத்தினதுக்கோ எனக்குக் கோவம்? எல்லையிலை ஆர் மறிச்சது, பிணைக்கு ஆரைக் குடுத்தனியெண்டு கேட்டு எழுதினன். ‘தெரியேல்லை அம்மா, நித்திரையாப் போனன், எழும்பிப் பாத்தா மற்ற நாடு’ எண்டு எழுதுறான்! நான் உன்னையும் இழுத்துக்கொண்டு மூண்டாம் நாளா இதிலை நிக்கிறன்.”

வரிசை ஓரடி நகர்ந்து நின்றது.

“நீங்கள் என்ன பதில் போட்டனீங்கள்?”

“இனிமேல் போனா நித்திரை கொள்ளாதையடா. ஆரும் மறிக்காத எல்லை எப்பிடி இருக்குமெண்டு உன்ரை கண்ணாலை பாத்து எனக்கு எழுது எண்டு போட்டனான்.”