கிளேரின் தாய்க்கு நான் சொன்ன பதில்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ரசம் வைத்தால் முதலில் மிளகைக் குறைத்துப் போட வேண்டும், கலியமூர்த்தி சார். பிறகு பழகிவிடுவார்கள். கிளேரும் அப்படித்தான் பழகினாள்.

நீங்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவர்கள் நாட்டுக் கோடை விடுமுறையில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர். பிரெஞ்சு தெரிந்த வீடு என்றுதான் 2006இல் அவளை முதலியார்பேட்டைக்கு என்னிடம் அனுப்பினீர்கள். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு பிரெஞ்சு நாட்டில் குடித்தனம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சரிதா அங்கேயே தங்கிவிட்டாள், பொங்கலுக்குக்கூடப் போன் வராது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "அம்மா, பசிக்குது" என்றால் எப்படி இருக்கும்? எனக்கு உயிர் வந்தது, சார். சொல்ல என்ன வெட்கம்?

தாயோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கிளேர் இந்தியாவுக்கு வந்திருந்தாள். தானாகக் கூப்பிட மாட்டேன் என்று வீம்பு. அந்த அம்மாள் கூப்பிடும் நேரத்தில் இவள் உங்கள் வகுப்பில் இருப்பாள். போனை நான்தான் எடுப்பேன்.

ஜூலையில் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். புற்றுநோய் முற்றிவிட்டதாம். மகளை வரச் சொல்லுங்கள் என்றாள். அன்று மதியம் கிளேர் வந்ததும் கேட்டாள்.

"அம்மா, போன் வந்துதா?"

"வந்துது. நல்லா இருக்காங்களாம். படிப்ப முடிச்சிட்டே வரச் சொன்னாங்க."

பாதியில் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

இறந்த செய்தி வந்தபோது நம் வழக்கப்படிதான் செய்தேன். சாவுச் சேதியை இங்கே யார் நேராகச் சொல்கிறோம்? சாப்பிட வைத்தேன். பிறகு, "உங்கம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குதாம், கெளம்பு" என்றேன். நம் பிள்ளையாக இருந்தால் அந்த வார்த்தைக்கே தரையில் விழுந்து அழுதிருக்கும். இவளோ கடைத்தெருவுக்குப் போய்த் தாய்க்கு ஒரு சால்வை வாங்கினாள். நிறம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே போய் நர்ஸ் சொல்லித்தான் எல்லாம் தெரிந்ததாக உங்களிடம் போனில் அழுதாளாம். அந்த நர்ஸ் பொய் சொல்லவில்லை.

சாவதற்கு முன் அந்த அம்மாள் கடைசியாகக் கூப்பிட்ட அன்று ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லை. அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. வர வேண்டாம், ஒரே ஒரு தடவை மகள் குரலைக் கேட்டால் போதும் என்றாள். கிளேர் மொட்டை மாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் இறங்கி வந்திருப்பாள். "உங்கள் மகளுக்குப் பேச விருப்பமில்லையாம்" என்று சொன்னேன். அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னாள்.

களைப்பாக இருக்கிறது, சார். யாருக்கும் கெடுதல் செய்ய நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் எதற்கு என்றுதான். அடுத்த கோடைக்கும் என் வீட்டு அறை காலியாகத்தான் இருக்கும். தாயில்லாத பிள்ளையாகப் பார்த்து அனுப்புங்கள். யாருக்கும் சங்கடமிருக்காது.