பின் சக்கரத்துப் பிரேக்கும் பேரனும்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதுவது ஆண்டவருக்குப் பிடிக்குமோ என்று பல வருடம் தயங்கினேன். இன்று எழுதிவிட்டேன்.

சிவகாசியில் கார் உதிரிபாகக் கடை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர்கள் காரில் பின் பிரேக் பேட் தேய்ந்து, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கில் வரி வரியாகக் கீறல் விழுந்திருந்தது. புது டிஸ்க் நாளைக்குத்தான் வரும் என்றார் கடைக்காரர்.

“பேட் மட்டும் குடுங்க. ஆஸ்பத்திரியில இருந்து மகளையும் பேரனையும் இன்னைக்கு என் வண்டியிலதான் கூட்டியாரணும்,” என்றார் கணவர்.

“இரும்போட இரும்பு உரசுன வண்டியில நான் ஏறமாட்டேன்,” என்றார் மனைவி.

“இது என்ன நீ வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியா?”

“மருந்து கலக்குற ரூமுக்குள்ள பொறி பறக்கும்னு ஒரு இரும்பு ஆணியக்கூட விடமாட்டாக. பச்சப்பிள்ளைய மட்டும் இதுல ஏத்துவீகளோ?”

“பின்னால உள்ள பிரேக்குதான?”

“பேரனும் பின்னாலதான வரப்போறான்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். கணவர், கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்த கீறல் விழுந்த டிஸ்க்கை விரலால் தடவிப் பார்த்தார்.

“சரி, டிஸ்க்கும் சேத்தே ஆர்டர் போடுங்க.”

அந்தம்மா மகளுக்குப் போன் போட்டார்.

“இன்னொரு நா அங்கனயே இரும்மா. டிஸ்க்க மாத்தாம பேரனை ஏத்தவே மாட்டேன்னு உங்கப்பா ஒத்தக்கால்ல நிக்காக.”

கணவர் டிஸ்க்குக்கு முன்பணம் எண்ணிக் கொடுத்தார்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்களைக் கர்த்தர் பேரில் கேட்டுக்கொள்கிறேன்: அந்தம்மா மகளிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். திருத்திவிடாதீர்கள்.