கூடைக்காரி கதை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கதையைப் போல ஒன்று கிடையாது, கண்ணுகளா. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. கதை மட்டும் தானாக வந்தது. இரும்புலியூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பதினாறு வருஷம் ஆயாவாக இருந்தேன்.

தனம் வந்தது எண்பத்தாறில். நாலு வயது. கோவளத்தில் மீன் விற்கும் கன்னியம்மாவின் மகள். புருஷனைக் கடல் கொண்டுபோனதும், ஆறு மாசம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனாள். அவள் கைநாட்டு வைத்த தாளில், பிள்ளையை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டதாக ஒரு வரி இருந்தது. படித்துக்காட்டியது நான்தான். அந்த வரியை விட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்தவளை மேலும் அழவைப்பானேன்?

அவள் திரும்பி வந்தபோது தனத்துக்கு ஸ்வீடனில் அப்பா அம்மா அமைந்துவிட்டார்கள். பாஸ்போர்ட்கூட வந்தாயிற்று. கன்னியம்மா கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். மனு டெல்லிவரை போய், பயணத்தை நிறுத்தி உத்தரவு வந்தது. லோகநாயகி என்ற அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளை தாயை அடையாளம் கண்டு அவளிடம் போனால் அவளுக்கே, இல்லாவிட்டால் ஸ்வீடன். ஒரு மாசம் தவணை.

நல்ல இடத்துக்குப் போகிற பிள்ளையை மீன் கூடைக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தினமும் மத்தியானம் தனத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒரே கதையைச் சொன்னேன். உன் அம்மா உன் அப்பாவைத் தேடிக் கடலுக்குள் போய்விட்டாள். அவள் முகத்தை மாட்டிக்கொண்டு ஒரு கூடைக்காரி பிள்ளை பிடிக்க வருவாள். முகத்தைப் பார்த்து ஏமாறாதே. மோந்து பார், மீன் வாசனை வரும்.

விசாரணைக்கு முதல் நாள் கன்னியம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னிய மறந்துட்டிருப்பாளோ? நாளைக்கு சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, புதுப் பொடவ கட்டிகினு வரேன்."

"வேணாம் கன்னியம்மா. கூடையோடயே வா. அந்த வாசனையிலதான் புள்ள உன்னைக் கண்டுபிடிக்கும்."

"நீ நல்லா இருக்கணும்க்கா," என்றாள்.

மறுநாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். "தனம்மா, இங்க பாரு, அம்மா வந்துகீறேன்."

தனம் சிரித்துக்கொண்டே நாலு எட்டு ஓடினாள். நின்றாள். மூக்கைச் சுளித்தாள். பிறகு அலறிக்கொண்டு திரும்பி வந்து என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். லோகநாயகி ஏதோ எழுதிக்கொண்டார். கன்னியம்மா கூடையை இறக்கிவைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

போன வாரம் இல்லத்துக்கு ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்ததாம். தனத்துக்குப் பதினாறு வயது. இன்னமும் மீன் வாசனை பட்டால் அறையை விட்டு ஓடுகிறாளாம். காரணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

பெற்றவள் முகம்கூட மறந்திருக்கும். என் கதையை மறக்கவில்லை, பாருங்கள். பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு பாசம்.