பிலோமினா என்று சொல்ல

பதுளையிலிருந்து தெமோதரை போகும் பஸ்ஸில், சனிக்கிழமை கல்யாணம் ஆகவிருந்த இருவர் என் இருக்கையருகே நின்றார்கள். பாதிரியார் முன்னால் அவன் அவள் பெயரைச் சொல்லியாக வேண்டும், பையனுக்குத் திக்குவாய்.

“பி... பி... பி...”

ஏழு வளைவுகளுக்குள் முப்பத்திரண்டு ‘பி’ எண்ணிவிட்டேன்.

“கம்பிய ஏங்க இப்படி நெரிக்கிறீங்க? கை இறுகினா தாடையும் இறுகும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல? விடுங்க!”

“விட்டா வி... விழுந்துருவேன்.”

“விழுந்துட்டுத்தான் போங்களேன்!”

விட்டான். எட்டாவது வளைவில், “பிலோமினா!” என்று கத்திக்கொண்டே என் மடியில் வந்து விழுந்தான். பஸ்ஸே சிரித்தது. என் மூக்குக்கண்ணாடிதான் கோணிப்போயிற்று.

“வந்துருச்சு புள்ள! ஆனா கோயில்ல என்னைய யாரு தள்ளிவிடுவா?”

“நான் பக்கத்துலதானே நிப்பேன்.”