ரேடியோ பேசாதிருந்த மூன்று மணி நேரம்

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், எழுதுவது தன் வேலை என்று எழுத்தர் சொன்னார். பழக்கமில்லாதவர்கள் முன்னால் பேசினால் எனக்குப் பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிடும். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு இந்தத் தாள்களை வாங்கிக்கொண்டேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் இருக்கின்றன. வயது இருபத்து மூன்று. பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், வீட்டிலிருந்து எந்தக் காகிதம் போனாலும் என் கை வழியாகவே நடக்கும். இன்று மதியம் என் அக்காவின் கணவர் இந்த நிலையத்தில் கொடுத்த மனுவும் நான் எழுதியதே. அதில் பஞ்சர் ஒட்டுபவர் மேல் சொல்லியிருக்கும் குற்றத்தை அவர் செய்யவில்லை. குழந்தை நலமாக இருக்கிறாள். நான் இதை எழுதும்போது எதிர் பெஞ்சில் காலை நீட்டித் தூங்குகிறாள்.

அத்தானுக்கு வேலை மாற்றம் வந்ததால் அக்கா குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோகிறது. சாமான்கள் நேற்றே லாரியில் போய்விட்டன. காரில் ஒன்பது மணி நேரப் பயணம். "படிச்சவ நீதானே, புள்ளைங்களை நீ பாத்துக்க, நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்று அக்கா என்னை உடன் அழைத்துக்கொண்டாள். குழந்தைகள் மூன்று பேர். வீட்டில் கூப்பிடும் பெயர்களையே எழுதுகிறேன், அவற்றுக்குத்தான் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பதினொரு வயதுப் பெரியவள். எட்டு வயதுப் பையன் எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பான் என்பதால் வக்கீல். ஆறு வயதுக் கடைக்குட்டி விழித்த நேரம் முதல் தூங்கும் வரை வாய் ஓயாதவள் என்பதால் ரேடியோ.

நான் முந்தின நாளே நோட்டில் மணி வாரியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதலில் எதிரே வரும் வண்டிகளின் எண்களைக் கூட்டுவது, அதன்பிறகு ஆளுக்கு ஒரு வரியாகக் கதை சொல்வது, அதன்பிறகு மஞ்சள் லாரிகளை எண்ணுவது. காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்தரை மணிவரை பட்டியல்படி நன்றாகவே போனது. அதன்பிறகு கதையில் வந்த யானையை யார் கொன்றது என்று சண்டை வந்தது. ரேடியோ அழுதாள். அத்தான், "இப்படியே போனா நான் எங்கயாவது கொண்டு போய் இடிச்சிடுவேன்" என்றார். கடைசியாக வைத்திருந்த ஆட்டத்தை அப்போதே எடுத்தேன்.

அது வாய்ப்பூட்டு ஆட்டம். யார் அதிக நேரம் பேசாமல் இருக்கிறார்களோ அவர்களுக்குப் புது வீட்டில் சன்னலோரக் கட்டில். நடுவர் நான். நான் "பூட்டு திறந்தாச்சு" என்று சொல்லும் வரை ஆட்டம் முடியாது. வக்கீல் உடனே கேள்விகளைத் தொடங்கினான்.

"தும்மினா?"

"தும்மல் கணக்கில்லை."

"தலையாட்டலாமா?"

"ஆட்டலாம்."

"எழுதிக் காட்டினா?"

"எழுதினாலும் அவுட்டு."

"அப்பா கேட்டா?"

"அப்பா கேட்டாலும் அவுட்டு."

"போலீஸ் கேட்டா?"

"போலீஸ் கேட்டாலும் அவுட்டுதான்டா, வாயை மூடு."

எல்லோரும் சிரித்தோம். ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. அதற்குள் உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது நேரம் பத்து ஐம்பது, நோட்டில் குறித்திருக்கிறேன்.

பதினொன்றேகாலுக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். ஆட்டம் நிற்கவில்லை. அக்கா இரண்டு பெண்களையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். அதன்பிறகு, "அக்கா கையைப் பிடிச்சிட்டு வண்டிக்குப் போ" என்று ரேடியோவைப் பெரியவளோடு அனுப்பினாள். வழியில் ரேடியோ கையை உதறிக்கொண்டு ஓடினாள். பெரியவளும் ஆட்டத்தில் இருந்ததால் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தனக்கு முன்னால் வண்டிக்குப் போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டாள். இதில் பெரியவள் மேல் தவறு இல்லை, விதி நான் போட்டது.

எங்கள் காரில் மூன்று வரிசை. கடைசி வரிசையில் பைகளுக்கு நடுவே ரேடியோ போர்வையால் ஒரு கூடாரம் கட்டி அதற்குள்தான் காலையிலிருந்து இருந்தாள். எல்லோரும் ஏறியதும் நான், "இருக்கிறவங்க ரெண்டு தட்டு தட்டுங்க" என்றேன். தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை தட்டு என்று நான் எண்ணவில்லை. அப்போது குனிந்து நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம்.

அதன்பிறகு முப்பத்தைந்து நிமிடம் காருக்குள் அப்படி ஓர் அமைதி. அத்தான் என்னைக் கண்ணாடியில் பார்த்து, "கெட்டிக்காரிதான் நீ" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியவள் ஒரு பாலத்தின்மேல் "ஆறு!" என்று சொல்லித் தோற்றாள். பன்னிரண்டு பத்துக்கு வக்கீல் விரல் சீட் பெல்ட் கொக்கியில் நசுங்கி "அம்மா" என்றான். நான் பின்னால் திரும்பி, "ரேடியோ, நீதான் ஜெயிச்சே, பூட்டு திறந்தாச்சு, வெளியே வா" என்று போர்வையைத் தூக்கினேன். தலையணை இருந்தது.

அதன்பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அத்தான் காரைத் திருப்பினார். அக்கா முன் இருக்கையில் மண்டிபோட்டுப் பின்பக்கம் பார்த்தபடியே வந்தாள், கூடாரத்துக்குள் இன்னும் தேடுகிறவள் மாதிரி. பன்னிரண்டு நாற்பதுக்குப் பங்கை அடைந்தோம். அங்கே கடையில் இருந்த பெண், "பச்சை கவுனு போட்ட பாப்பாவா? பஞ்சர்க்காரரு ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போனாரே" என்றார். அத்தான் உடனே போலீசுக்குப் போன் செய்தார். சுங்கச்சாவடியில் ஒரு குழந்தையோடு ஓர் ஆளைப் பிடித்து வைத்திருப்பதாகவும், பக்கத்தில் இருக்கும் இந்த நிலையத்துக்கு வரும்படியும் சொன்னார்கள்.

ஒன்றேகாலுக்கு இங்கே வந்தோம். குழந்தையைக் காட்டுவதற்கு முன்னால் மனு வேண்டும் என்றார்கள். அத்தான் வாசலில் நின்றபடியே, "கடத்திட்டுப் போயிட்டான்னு எழுது" என்றார். நான் ஒரு முறை பேனாவை நிறுத்தி, "அத்தான், புள்ளையைப் பாத்துட்டு எழுதலாமே" என்றேன். என் வாய்க்குள்ளேயே சொன்னேன், யாருக்கும் கேட்டிருக்காது. அதன்பிறகு எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன்.

உள்ளே பெண் காவலர் பக்கத்தில் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய ஹெல்மெட். சுவரோரம் தரையில் செருப்பில்லாமல் ஓர் ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும், விரல் நகங்களில் ரப்பர் கறுப்பு. அக்கா ஓடிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள். அத்தான் கேட்டார், பெண் காவலர் கேட்டார், அவள் பேசவில்லை. பயத்தில் வாயடைத்துவிட்டது என்று பெண் காவலர் சொன்னார். அதற்கு முன்னும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். இவர் உங்க அப்பாவா என்றதற்கு இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். இவரைத் தெரியுமா என்றதற்கும் இல்லை. இவர்தான் உன்னைத் தூக்கிட்டு வந்தாரா என்றதற்கு மட்டும் ஆமாம். பேனா கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம்.

ரேடியோ அக்காவின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாள். உதடு உள்ளே மடிந்திருந்தது. ஒரு விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மணி அப்போது ஒன்று ஐம்பது. நான் எல்லோர் முன்னிலையிலும், "பூட்டு திறந்தாச்சு" என்றேன்.

"நான்தானே ஜெயிச்சேன்?" என்றாள். "போலீஸ் கேட்டும் நான் பேசலையே, சித்தி."

பெண் காவலர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அதன்பிறகு ரேடியோ நிறுத்தவில்லை. அவள் சொன்னதையும் பஞ்சர் ஒட்டுபவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

பஞ்சர் பார்க்கும் தொட்டியில் குமிழி வருவதைக் கண்டு அவள் அங்கே ஓடியிருக்கிறாள். அவர் டயர் அடுக்கின்மேல் உட்கார வைத்து இன்னும் இரண்டு டியூபை முக்கிக் காட்டியிருக்கிறார். பெயர் கேட்டுப் பார்த்து, பேச்சு வராத குழந்தை என்று நினைத்திருக்கிறார். மேலே மெத்தை கட்டிய எங்கள் கார் கிளம்பியதும், "அது உங்க வண்டியா பாப்பா?" என்று கேட்டு, அவள் தலையாட்டியதும் ஸ்பானரோடு ரோடுவரை கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. அதன்பிறகு ஸ்கூட்டரை எடுத்திருக்கிறார். இருந்தது ஒரே ஹெல்மெட், அதற்குள் துணியைத் திணித்துக் குழந்தை தலையில் மாட்டியிருக்கிறார். சுங்கச்சாவடியில் அவரை நிறுத்தியதே தலையில் ஹெல்மெட் இல்லை என்றுதான்.

வழியெல்லாம் அவள் பயப்படக் கூடாதென்று, "மஞ்ச லாரி எத்தனை போகுதுன்னு எண்ணிட்டே வா" என்று சொல்லியிருக்கிறார். அவள் விரலால் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். ஏழு லாரி. அதே ஆட்டம் என் நோட்டில் மூன்றாவதாக இருக்கிறது. அவருக்கு யாரும் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை.

ஏன் போன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்டபோது அவர், "யார் நம்பர்னு சார் பண்றது? கண்ணு முன்னாடி வண்டி போகுது, விரட்டிப் பிடிச்சிடலாம்னு நெனச்சேன்" என்றார். ரேடியோ பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசியதைக் கேட்டுவிட்டு, "அடேயப்பா, இதையா நான் ஊமைன்னு நெனச்சேன்" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

அதன்பிறகு அத்தான், "புள்ளை கிடைச்சாச்சு, கிளம்பலாம், மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து வண்டி ஓட்டிய களைப்பில் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். மனு பதிவாகிவிட்டது, அதை மறுத்து எழுத்தில் வாக்குமூலம் தராமல் ஆளை விட முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். அக்கா என்னைப் பார்த்து, "நீதானே எழுதின, நீயே எழுதிக் கொடுத்துட்டு வா. அதுவரைக்கும் வண்டி நகராது" என்றாள். அத்தான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே போனார். அங்கே கிடந்த பஞ்சர் ஒட்டுபவரின் செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

குழந்தையை யாரும் கடத்தவில்லை. நாங்கள் விட்டுவிட்டுப் போனோம், அவர் கொண்டுவந்து சேர்த்தார். இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் கண்டதும், சம்பந்தப்பட்டவர்கள் வாயால் கேட்டதும்தான். யாரும் சொல்லி எழுதவில்லை, திரும்பப் படித்து மூன்று இடங்களில் திருத்தியிருக்கிறேன், திருத்திய இடங்களில் சிறுகையெழுத்து இட்டிருக்கிறேன். இது கிடைத்ததும் அவரை அனுப்பிவிடுவதாக நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். வாயால் கேட்க இரண்டு முறை உங்கள் மேசைவரை வந்து திரும்பிவிட்டேன். மனு கொடுத்த உடனே உங்கள் காவலர் ஒருவர் பங்க் முதலாளிக்குப் போன் செய்து, உங்கள் ஆள் குழந்தையைக் கடத்தியதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். "அவனை இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று அந்த முதலாளி சொன்னது பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. தரையில் இருந்தவருக்கும் கேட்டது. ஆகவே ஐயா, அவரை அனுப்புவதற்கு முன்னால், அதே காவலர் அதே போனில் அந்த முதலாளியை மறுபடி கூப்பிட்டு, உங்கள் ஆள்தான் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் நிற்கும்போதே, அவர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்.

(கையொப்பம்)
குழந்தையின் சித்தி