பச்சைப் பெட்டியின் காகிதம்

எண்ணெய்ப் பலகாரம் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர் சாப். ஆனாலும் ரமலான் மாதத்தில் குல்ஸாதாவின் தள்ளுவண்டிப் பக்கோடா இல்லாமல் எங்கள் வீட்டில் நோன்பு திறந்ததில்லை. வெங்காயத்தை அவர் கஞ்சத்தனம் பார்க்காமல் போடுவார். அவர் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பேட்டையில் கம்பத்துக்குக் கம்பம் பச்சைத் தகரப் பெட்டி தொங்கும். இறைவன் பெயர் அச்சான காகிதம் காலில் மிதிபடக் கூடாது என்று ஜனங்கள் அதில் போடுவார்கள். அதையெல்லாம் சாக்கில் கட்டி, கபரஸ்தான் இடுகாட்டில் குழி வெட்டிப் புதைப்பது என் பொறுப்பு. பஞ்சாலை மூடிய வருடம் நானாக ஏற்றுக்கொண்டது. அதுவரை நான் வேலை போன ஒரு மேஸ்திரி. கடையில் டீ கேட்டால்கூட இரண்டு தடவை கேட்க வேண்டும். பெட்டிச் சாவி கைக்கு வந்த பிறகு 'மதீன் பாய்' என்று எழுந்து நின்றார்கள்.

ஆலை ஓடியவரை சிந்திக்காரரும் பட்டாணியரும் பீகார் வழி வந்த எங்கள் உருதுக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் பஞ்சைத் தின்று இருமியவர்கள். மூடியதும் தெருவுக்கு ஒரு கொடி முளைத்தது. பக்தியில் யார் உசத்தி என்பதுதான் மிச்சமிருந்த ஒரே போட்டி. சும்மா திரிந்த ஆலை ஆட்களுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். கடை கடையாகப் போய், பொட்டலம் மடிக்கிற காகிதத்தைச் சோதிக்கிற வேலை. புனித எழுத்து இருந்தால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் மன்னிப்பு போதுமாக இருந்தது. அப்புறம் கன்னத்தில் ஒரு அறை. போன வருடம் ஒரு கடை எரிந்தது. எதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை, சாப்.

குல்ஸாதா பட்டாணியர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். "என்ன மதீன் பாய், ஊரே பக்கோடாவ மோந்து பாக்குது, நீங்க பேப்பர மோந்து பாக்குறீங்க? நோன்பா, இல்ல போலீஸ்ல சேந்துட்டீங்களா?" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன், உள்ளே உறுத்தினாலும்.

அன்று நோன்பு திறக்க நாற்பது நிமிடம் இருந்தது. ஆலையில் எனக்குக் கீழே இருந்த ஸஹீர் பள்ளிவாசலுக்கு ஓடி வந்தான். கையில் எண்ணெய் ஊறிய தாள். வேதப் பாடம் அச்சான பள்ளிப் புத்தகத் தாள்.

"குல்ஸாதா லாலா வண்டில மடிச்சது பாய். இவன மட்டும் இல்ல, இதை எவன் வெளிய விட்டான்னு கண்டுபிடிக்கணும். அவன் குடும்பத்தையே விடக் கூடாது."

பின்னாலேயே குல்ஸாதா வந்தார். மாவு காயாத கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய்சாப், எனக்கு எழுத்தே தெரியாது. கட்டாத்தான் வாங்குறேன், கிழிச்சு மடிக்கிறேன். எது ஆண்டவன் பேரு, எது சோப்பு விளம்பரம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

உண்மைதான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே போய் மைக்கில் அவர் பெயரையும் வண்டி நிற்கிற இடத்தையும் செய்ததையும் சொன்னேன். அடிக்கச் சொல்லவில்லை, அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வாசலில் சிந்தி, உருது, பட்டாண் எல்லோரும் சேர்ந்தார்கள். ஆலை மூடிய பிறகு பேட்டை ஒன்றாக நின்றது அன்றுதான். முதல் கல்லை எறிந்தவர் குல்ஸாதாவின் சொந்தக்காரர். சும்மா நின்றால் அடுத்த பெயர் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். நோன்பு திறக்கச் சங்கு ஊதியபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரோ என் கையில் பேரீச்சம்பழம் வைத்தார்கள்.

அந்தத் தாள் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. மேல் ஓரம் ஏன் கிழிந்திருக்கிறது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அதில் ஊதா மையில் 'சுமைரா மதீன், நான்காம் வகுப்பு' என்று இருந்தது. என் மகளின் கையெழுத்து. அவளுடைய பழைய புத்தகத்தை நானே பெட்டியில் போட்டிருந்தேன். முந்தின மாதம் முழங்கால் வலி. கபரஸ்தான் வரை நடக்கச் சோம்பி, சாக்கைப் பழைய பேப்பர் வண்டிக்காரனிடம் கொடுத்து, போகிற வழியில் புதைத்துவிடு என்றேன். அவன் புதைக்கவில்லை.

ஸஹீரை எனக்குத் தெரியும், நான் பழக்கியவன். என் வீட்டில் ஒரு பாவமும் அறியாத பெண்பிள்ளை இருக்கிறாள். மைக்கைத் தொடும் முன் அந்த ஓரத்தைக் கிழித்து விழுங்கினேன்.

அதனால் நோன்பு முறிந்தது. காகிதம் உணவில் சேராது, அறுபது நாள் பரிகாரம் தேவையில்லை, ஒரு நாள் ஈடு நோன்பு போதும் என்று மௌலானாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெருநாள் கழிந்ததும் நோற்றுவிட்டேன், சாப். அந்த நாளைப் பொறுத்தவரை இனி என் மேல் பாக்கி எதுவும் இல்லை.