குழந்தையை ஒப்படைக்கும் விதி

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் காப்பகத்துக்கான விதிகளை நானே உட்கார்ந்து எழுதினேன். ஜோர்டானில் எங்கள் ஊரான இர்பித்தில் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் பலர், யாரோ எழுதியதை நகலெடுத்து, மேலே தங்கள் பெயரைப் போட்டு உரிமம் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த அரைகுறை வேலை ஆகாது. காய்ச்சல் வந்தால் என்ன, கடிக்கிற பிள்ளையை என்ன செய்வது, மருந்து யார் கையெழுத்தோடு கொடுப்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். சோதனைக்கு வந்த அதிகாரி அம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "உம் குதைபா, எங்க ஆபீஸ்லயே இவ்வளவு ஒழுங்கு கிடையாதே," என்று சிரித்தாள்.

உம் குதைபா என்றால் குதைபாவின் அம்மா. மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த மகனை நான் வளர்க்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு அவன் அப்பா ஒரு மத்தியானம் பாலர் பள்ளிக்குப் போய் அவனைக் குவைத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய் நின்றபோது தலைமையாசிரியர் ஒரு காகிதத்தைக் காட்டினார். பாதுகாவலர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தது. தலைமையாசிரியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காகிதத்தில் இருந்ததை அவர் செய்தார்.

அதனால், பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பக்கத்தைத்தான் மிகவும் கவனமாக எழுதினேன். படிவத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி. தெரிந்தவர், பக்கத்து வீடு, ஒன்றுவிட்ட மாமா என்ற பேச்சே கிடையாது.

ரிஹாம் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். தெற்கே கரக் ஊரிலிருந்து மகள் ஜூரியைத் தூக்கிக்கொண்டு காதும் காதும் வைத்தாற்போல இங்கே வந்து சேர்ந்தவள். என்னிடம் சேர்ந்த முதல் பிள்ளை ஜூரிதான். சேர்ப்பதற்குக் குடும்பப் பதிவேட்டின் நகல் வேண்டும். பதிவேடு அப்பா பெயரில்தான் இருக்கும். விவாகரத்தானாலும் பிள்ளையின் பெயர் அவருடைய பதிவேட்டிலேயே இருக்கும். ரிஹாம் நகலைக் கொடுத்துவிட்டு, படிவத்தில் பாதுகாவலர் என்ற வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். என்னைக் காலா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்த ஒரு வரிய விட்டுடுங்களேன் காலா. நாங்க எங்க இருக்கோம்னே அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா தூக்கிட்டு ஜித்தாவுக்குப் போயிடுவேன்னு கோர்ட்டு வாசல்லயே சொன்னான்."

"காலியா விட்டா என் உரிமம் போயிடும்மா."

"சரி, உங்கள நம்பித்தான் எழுதறேன். நீங்க எனக்குச் சித்தி இல்ல, அம்மா."

ஜூரியின் அப்பா பெயரை, முத்தஸிம் என்று எழுதினாள். அந்த வரியை அலுவலகம் கேட்கவே இல்லை. நான் சேர்த்ததுதான். படிவம் முழுமையாக இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

ஜூரியை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஸஅத்தர் மூலிகைப்பொடி தூவிய ரொட்டியில் ஓரத்தைத் தின்ன மாட்டாள். ஓரத்தை வெட்டித்தான் கொடுப்பேன். சாயங்காலம் ரிஹாம் வந்ததும் என் மடியிலிருந்து குதித்து ஓடுவாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்பேன். "நாளைக்கு வர்றோம் காலா, சத்தியமா," என்று படியேறிவிடுவார்கள். பிறகு மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவர்களுக்கும் சேர்த்துச் செய்த மக்லூபா சோற்றை நான் தனியாகச் சாப்பிடுவேன். என் வாக்குமூலத்தில் நீங்கள் பொறாமை என்று எழுதுகிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முத்தஸிம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தான். அட்டையைப் பார்த்தேன், பெயரைச் சரிபார்த்தேன், கையெழுத்து வாங்கினேன். ஜூரி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி முகம் கழுவி, தலை சீவி, செருப்பை மாட்டிவிட்டேன். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். பிள்ளைக்கு வலிக்கக் கூடாது.

அன்று ராத்திரி வேலை முடிந்து வந்த ரிஹாம் வழக்கம்போல வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

"என் குட்டிக் கழுதை எங்க? என்னைப் பாக்காம ஒளிஞ்சிருக்காளா?"

"அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரும்மா."

"விளையாடாதீங்க காலா."

பக்கத்தைத் திறந்து கையெழுத்தைக் காட்டினேன். அவள் அதைப் படிக்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். அதற்குள் அவர்கள் எல்லையைத் தாண்டியிருப்பார்கள். நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். என் தொலைபேசி அழைப்புகளின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டே கேட்கிறீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். பதிவேட்டு நகலில் அவனுடைய குலப்பெயர் இருந்தது. கரக்கில் அந்தப் பெயர் போட்ட ஒரு கடையைக் கூப்பிட்டு, முத்தஸிம் என்று கேட்டேன். கடைக்காரர் அவனுக்குப் பெரியப்பா முறை. சந்தோஷமாக நம்பரைக் கொடுத்தார். நான்தான் பேசினேன். முகவரி சொன்னேன். எந்தக் கிழமை ரிஹாமுக்கு வேலை முடிய நேரமாகும் என்பதையும் சொன்னேன். அவன் நன்றி சொன்னான். பணம் எதுவும் நான் கேட்கவில்லை.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அன்று ரிஹாம் என் வீட்டுத் தரையிலேயே விழுந்து கிடந்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விடியும்வரை தடவிக்கொடுத்தேன். இப்போது தினமும் என்னிடம்தான் சாப்பிடுகிறாள். சில நாள் நான்தான் ஊட்டிவிடுகிறேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். சீக்கிரம் முடித்து என்னை அனுப்புங்கள். சாயங்காலம் அவள் வந்துவிடுவாள், பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.